பொற்குடம் ஏந்திய விமானங்கள்
(செம்பின்மேல் பொன் வேயும் திருப்பணியின் வரலாறு)

திருக்கோயிலை நாடிச் செல்லும் அடியவர்க்குத் தொலைவிலேயே முதற்காட்சி தருவது விமானத்தின் உச்சியில் விளங்கும் கலசமாகும். கருவறைப் பெருமானைக் காணக் கோயிலினுள் புகுதல் வேண்டும். கலசத்தைக் காணவோ வயலில் நின்று நிமிர்ந்து பார்த்தாலே போதும். நோயினாலோ முதுமையினாலோ கோயிலுக்கு வர இயலாதவரும், தம் வீட்டு வாயிலில் நின்று அதனை நோக்கிக் கைகூப்பி ஆறுதல் பெறுவர். இதுபற்றியே விமானத்தைத் தூலலிங்கம் என்று பெரியோர் போற்றினர்.

குடமுழுக்கு என்னும் சொல்லையே சிறிது எண்ணிப் பார்ப்போம். வேள்விச்சாலையில் நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் வைத்து, மந்திரங்களால் இறைவனை எழுந்தருளச் செய்த கும்பம் ஒன்று. விமானத்தின் முடியில் நிலைத்து நிற்கும் உலோகக் குடம் மற்றொன்று. அன்று கீழிருந்து சிவாசாரியரும் பட்டாசாரியரும் தலைமேல் தாங்கிச் செல்லும் குடத்து நீர், மேலிருக்கும் குடத்தின்மீது சொரியப்படுகின்றது. குடத்தினால் குடத்திற்கு ஆட்டும் இந்நீராட்டே பெருவிழாவின் உயிர்நிலை. ஆயினும், நீரைத் தாங்கிய கும்பத்தைப் பற்றி மலர்தோறும் கட்டுரைகள் வருகின்றன. நீரை ஏற்ற கலசத்தைப் பற்றியும், அதனைச் செய்த கைகளைப் பற்றியும் எழுதுவார் அரியர். அக்குறையை ஓரளவு நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலசத்தின் உறுப்புகள்

தொலைவில் ஒரே பொருளாகத் தோன்றும் கலசம் உண்மையில் பல உறுப்புகளால் ஆயது. விமானத்தின் உச்சியில் நட்ட தண்டு ஒன்று உண்டு. அதனை நடுவே கொண்டு, கீழே தாமரை போன்ற பீடமும், அதன்மேல் பருத்த குடமும், அதற்கு மேல் ஒடுங்கிய கழுத்தும், இதழ் விரிந்த தட்டும், முடிவில் கூம்பிய மொட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோக்கப்படும். ஒவ்வோர் உறுப்பும் செப்புத் தகட்டைக் கொட்டிக் குழித்துச் செய்யப்படுவது. உட்புறம் வெறுமையாக இருப்பதால், வரகு முதலிய தானியங்களை அதனுள் நிரப்பி ஏற்றுவது மரபு. பன்னீராண்டுக்கு ஒரு முறை நிகழும் திருப்பணியில் பழைய தானியத்தை நீக்கிப் புதியதை இடுவர். ஊழிக்காலத்திலும் விதை அழியாதிருத்தல் வேண்டும் என்பது இவ்வழக்கிற்கு முன்னோர் கூறும் கருத்து.

இராசகோபுரத்தின் கலசங்கள் பெரும்பாலும் ஒற்றைப்பட எண்ணி வைக்கப்படும். 1987ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட திருவரங்கத்து இராசகோபுரம் பதின்மூன்று நிலைகளும் பதின்மூன்று கலசங்களும் உடையது. கருவறை விமானத்தின் மேலோ, வேசர அமைப்பிலும் சதுர அமைப்பிலும் ஒரே கலசம் நிற்கும். அவ்வொன்றுக்கே அரசர்கள் தம் கருவூலத்தைத் திறந்தனர்.

இராசராசன் ஈந்த செப்புக்குடம்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளுள் ஒன்று இதற்குச் சான்றாகும். இராசராச சோழன், தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டில் 275ஆம் நாள், தான் எடுப்பித்த திருக்கற்றளியின் விமானத்து ஸ்தூபித்தறியில் வைப்பதற்குச் செப்புக்குடம் ஒன்றினை அளித்தான். அது கி. பி. 1010ஆம் ஆண்டு. குடத்தின் எடை 3083 பலம். அதன்மேல் பொதிந்த பொற்றகட்டின் எடை 2926½ கழஞ்சு. நாம் வியக்கத்தக்கது இப்பொன்னின் மிகுதி மட்டுமன்று. அரைக்கழஞ்சையும் விடாது கல்லில் வெட்டிய நேர்மையே பெரிதும் வியக்கத்தக்கது.

இவ்வெடைகளை இக்கால அளவிற்கு மாற்றிப் பார்க்க அன்பர்கள் விரும்பலாம். கழஞ்சு என்பது ஐந்து கிராமுக்குச் சற்று மிகுந்த எடை. ஆகவே குடத்தின்மேல் வேய்ந்த பொன் ஏறத்தாழ 15 கிலோ எனலாம். பிற்காலத்தில் வழங்கிய பலம் 35 கிராம். அதனையே கொண்டு கணித்தால் செம்பு 100 கிலோவைக் கடக்கும். பொன்னையும் அணிகலன்களையும் நிறுப்பதற்கு அக்கோயிலில் எடைக்கற்கள் இருந்தன. பொன் நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான். அது கூத்தப்பெருமான் திருநாமம். இறைவன் பெயரிட்ட கல்லினால் நிறுத்த பொன்னில் எவன் குறைவு செய்யத் துணிவான்?

அப்பொற்குடம் இன்று இல்லை. இன்று தஞ்சை விமானத்தின் முடியில் விளங்குவது பிற்காலத்தது. அதுவும் 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் நடந்த குடமுழுக்கை ஒட்டி இறக்கப்பெற்று, பொன் முலாம் புதுக்கி மீண்டும் ஏற்றப்பெற்றது. இராசராசன் ஈந்த பொன் காலப்போக்கில் மறைந்தது. ஈந்ததைச் சொல்லும் கல் நின்றது. பொன்னினும் எழுத்து நெடிது வாழும் என்பதனை இதனின் மேலாக விளக்கும் சான்று வேறில்லை. கட்டுரையின் இறுதியில் இக்கருத்திற்கு மீண்டும் வருவோம்.

பொன் வேய்ந்த பெருமன்னர்

இராசராசனுக்கு முன்னரே தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்த பெருமை முதற் பராந்தகனுக்கு உரியது. கி. பி. 907ஆம் ஆண்டு அரியணை ஏறிய அவனது இத்தொண்டினைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் எடுத்துரைக்கின்றன. தில்லைப் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 ஓடுகளும் 72,000 ஆணிகளும் உள்ளன என்றும், அவை ஒருநாளில் நாம் விடும் மூச்சினையும் உடலின் நாடிகளையும் குறிக்கும் என்றும் மரபு கூறும். உடலே அம்பலம், உயிர்ப்பே அதன் பொன்னோடு என்னும் உட்பொருளை உணர்வார்க்கு இவ்வெண்கள் தியானப் பொருளாகும்.

இராசராசனின் மகன் இராசேந்திரன் காலத்தில், பரவை நங்கையார் என்னும் பெருமாட்டியின் விருப்பத்தால் திருவாரூர்த் தியாகேசர் திருக்கோயில் கற்றளியாயிற்று. அக்கோயிலில் பொன் வேய்தற்கு 20,643 கழஞ்சுப் பொன்னும், கதவு தூண் முதலியவற்றிற்கு 42,000 பலம் செம்பும் செலவாயின என்று கல்வெட்டால் அறிகின்றோம். விக்கிரம சோழன் 1128ஆம் ஆண்டில் தனக்கு வந்த திறைப்பொருளைத் தில்லைத் திருப்பணிக்கே ஆக்கினான். 1251ஆம் ஆண்டு பட்டம் எய்திய சடையவர்மன் சுந்தர பாண்டியன் திருவரங்கத்து விமானத்தைப் பொன்னால் வேய்ந்து, 'பொன் வேய்ந்த பெருமாள்' என்றே பெயர் பெற்றான். அரசன் ஒருவன் தான் வென்ற நாடுகளால் பெற்ற பட்டங்கள் பல. தான் செய்த திருப்பணியால் பெற்ற பட்டம் அவற்றுள் நிலைத்தது. விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் 1514ஆம் ஆண்டில் காஞ்சி வரதராசப் பெருமாளின் புண்ணியகோடி விமானத்திற்கும், 1518ஆம் ஆண்டில் திருவேங்கடத்து ஆனந்தநிலய விமானத்திற்கும் பொன் வேய்ந்தார். பின்னதற்கு 30,000 வராகன் செலவாயிற்று.

நம் பகுதிக்கு உரிய பங்கு

செம்பரம்பாக்கத்தைச் சூழ்ந்த இந்நிலப்பகுதிக்கு இவ்வரலாற்றில் நெருங்கிய தொடர்பு உண்டு. நம் பேரேரியை அடுத்துள்ள குன்றத்தூர், தெய்வச் சேக்கிழார் தோன்றிய திருத்தலம். அது பண்டு புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர் நாட்டில் இருந்தது. அவர் அமைச்சராய் இருந்து தொண்டாற்றிய அனபாய சோழன் எனப்படும் இரண்டாம் குலோத்துங்கன், தில்லைப் பேரம்பலத்தைப் பொன்மயமாக்கியவன். அத்தில்லையிலேயே, ஆயிரக்கால் மண்டபத்திலே, திருத்தொண்டர் புராணம் அரங்கேறியது. அரசன் அம்பலத்துக்குப் பொன் வேய்ந்தான். நம் குன்றத்தூரர் அடியார் வரலாற்றுக்குச் சொல் வேய்ந்தார். ஒன்று கூரையில் ஒளிர்ந்தது. மற்றொன்று நாவில் ஒளிர்கின்றது. சேக்கிழார் தாம் வழிபட்ட சோழநாட்டுத் திருநாகேச்சுரத்தை நினைந்து, தம் ஊரிலும் அப்பெயராலேயே கோயில் எடுத்தார் என்பதும் இங்கு நினைக்கத் தக்கது.

மேலும், பூவிருந்தவல்லியில் தோன்றிய திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசியவர். 1017ஆம் ஆண்டு திருப்பெரும்பூதூரில் அவதரித்த இராமாநுசர் அவரைக் குருவென மதித்தவர். திருமழிசையாழ்வாரின் ஊரும் அண்மையிலேயே உள்ளது. ஆகவே சைவமும் வைணவமும் தழைத்த இவ்வழியில், காஞ்சிக்கும் தில்லைக்கும் செல்லும் அடியவர் கூட்டத்துடன் விமானக் கலைகளின் செய்தியும் வழங்கியிருக்கும் என்று எண்ணுவதில் பிழையில்லை.

செம்பு ஏன்? பொன் எவ்வாறு?

பொற்குடம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பொன்னாலேயே ஆன குடமன்று. பொன் போர்த்த செப்புக்குடம். வெண்கலம் இருக்கச் செம்பை ஏன் கொண்டனர்? காரணம் இரண்டு. செம்பு மென்மையுடையது; கொட்டக் கொட்ட வேண்டிய வடிவிற்கு இணங்கும். வெண்கலத்திலோ வெள்ளீயமும் சிலபோது காரீயமும் கலந்திருக்கும். அவை சூட்டினால் பொன் படிதலைக் கெடுத்துக் கறையை உண்டாக்கும். இவ்வுண்மை நம் நாட்டார் மட்டும் கண்டதன்று. வெனிசு நகரத்துப் புனித மாற்கு தேவாலயத்தில் உள்ள பழைமையான நான்கு குதிரைச் சிலைகளை ஆராய்ந்தோர், அவை ஏறக்குறையத் தூய செம்பாலேயே வார்க்கப்பட்டவை என்று கண்டனர். தூய செம்பை வார்ப்பது கடினம். இருந்தும் பொன்னைக் கருதியே அக்கடினத்தை மேற்கொண்டனர் என்பது அறிஞர் கருத்து.

இனிப் பொன் பூட்டும் முறைகளைக் காண்போம். அவை முக்கியமாக மூன்று.

முதலாவது, தகடு வேய்தல். பொன்னை மெல்லிய தகடாகத் தட்டி, செம்பின்மேல் பொதிந்து, ஓரங்களை மடித்துப் பற்றவைப்பது. இராசராசன் கல்வெட்டு தகடு என்றே குறிப்பதால் தஞ்சைக் குடம் இம்முறையினது என்பது தெளிவு. பொன் மிகுதியாகச் செலவாகும். ஆனால் நெடுங்காலம் தேயாது. வேண்டும்போது தகட்டை எடுத்து நிறுத்துப் பார்க்கவும் இயலும்.

இரண்டாவது, இரேக்கு ஒட்டுதல். பொன்னைக் காற்றில் பறக்கும் அளவிற்கு மெல்லிதாக அடித்து ஒட்டுவது. தஞ்சாவூர் ஓவியங்களிலும் மர வாகனங்களிலும் காண்பது இதுவே. வேலூரை அடுத்த ஸ்ரீபுரத்தில் 2007ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட இலக்குமி நாராயணி கோயிலில், வேலைப்பாடு செய்த செப்புத் தகட்டின்மேல் பொன் இரேக்கைப் பல அடுக்காக ஏற்றினர். ஏறத்தாழ 1500 கிலோ பொன் பயன்பட்டது என்பர்.

மூன்றாவது, இரசமுலாம். நுட்பத்தாலும் இடராலும் இதனைச் சிறிது விரித்துரைத்தல் தகும். பொன்னை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, அதனினும் ஆறு அல்லது எட்டு மடங்கு எடையுள்ள பாதரசத்துடன் சூடாக்கினால், பொன் பாதரசத்தில் கலந்து வெண்ணெய் போன்ற களிம்பாகும். மிகுந்த பாதரசத்தைத் தோலில் இட்டுப் பிழிந்து நீக்குவர். செப்புக்குடத்தின் புறத்தைப் புளிப்புப் பொருள்களால் மாசறத் துலக்கிய பின், இக்களிம்பைச் சீராகப் பூசுவர். பிறகு கரிநெருப்பின்மேல் காட்டுவர். பாதரசம் 357 பாகைச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகும். பொன்னோ 1064 பாகை வரை உருகாது. ஆகவே பாதரசம் பிரிந்து போக, பொன் மட்டும் செம்பைப் பற்றிக்கொண்டு நிற்கும். அப்போது அது மங்கிய மஞ்சளாகத் தோன்றும். வழுவழுப்பான கடுங்கல்லால் தேய்த்து மெருகிட்ட பின்னரே நாம் காணும் ஒளி பிறக்கும். இவ்வாறு பூட்டிய பொன் வெறும் பூச்சன்று. செம்பின் உடலோடு பிணைந்து நிற்பது. ஆதலின் வெயிலையும் மழையையும் நூற்றாண்டுக் கணக்கில் தாங்கும்.

இம்முறை கீழைநாடெங்கும் பரவியிருந்தது. எட்டாம் நூற்றாண்டில் ஈழத்தில் வார்க்கப்பட்ட தாராதேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலத் திருவுருவம், 1830ஆம் ஆண்டு முதல் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆயிரத்து இருநூறு ஆண்டு கடந்தும் அதன் பொன்னொளி மாயவில்லை. நேபாளத்தின் பாட்டன் நகரத்து நேவார் கைவினைஞர் இரசமுலாம் கலையைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்தனர். அமிர்தசரசுக் கோயிலின் மேற்பகுதிக்கு மன்னர் இரஞ்சித் சிங்கு 1830ஆம் ஆண்டையொட்டிப் பொன்முலாம் பூசிய செப்புத் தகடுகளை வேய்ந்தார்.

மேனாட்டுப் பொற்குடங்களும் அவற்றின் விலையும்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர் இல்லங்களிலும் பொன்முலாம் பூசிய வெண்கலக் குடங்கள் பெருகின. பாரிசில் பியேர் கூத்தியேர் என்னும் கைவினைஞர் பிரஞ்சு அரசவைக்கு இவ்வேலை செய்து புகழ் பெற்றார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் மத்தேயு போல்ட்டன் என்பார் 1768ஆம் ஆண்டு முதல் இத்தகைய குடங்களைத் தம் தொழிற்கூடத்தில் செய்வித்தார். பழம்பொருள் அங்காடிகளில் இன்று பெருவிலைக்கு விற்கும் பொன்வெண்கலக் குடங்கள் இவையே. வடிவில் அவை நம் கலசத்தைச் சிற்சில இடங்களில் ஒத்திருத்தல் வியப்பு. பயனிலோ வேற்றுமை பெரிது. அங்கே குடம் அடுப்பங்கரை மாடத்தின்மேலும் மேசையின்மேலும் அணியாக நின்றது. இங்கே ஊரார் அனைவரின் தலைக்கும் மேலே, ஒருவருக்கும் உரிமைப்படாமல், இறைவனுக்கு உரியதாய் நின்றது.

ஆனால் ஒன்றில் இருவர் குடங்களும் ஒன்றே. அப்பொன்னொளியின் பின்னே தொழிலாளியின் உயிர் இருந்தது. நெருப்பில் எழுந்த பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாது, மணமும் தராது. அதனை நாளும் சுவாசித்தவர்க்குக் கை நடுங்கும், பல் உதிரும், மனம் தடுமாறும், பலர் நடுவயதைக் காணாமலே மறைந்தனர். உருசிய நாட்டில் புனித ஈசாக்கு பேராலயத்தின் பெருங்குவிமாடத்துக்குப் பொன்முலாம் பூசியபோது அறுபது தொழிலாளர் மாண்டனர் என்று கூறுவர். பாரிசில் வெண்கலப் பொருள்கள் செய்வித்துப் பெருஞ்செல்வம் ஈட்டிய இரவ்ரியோ என்பார் இதனை எண்ணி வருந்தினார். 1814ஆம் ஆண்டு இறக்கும்போது, முலாம் பூசுவோரைப் பாதரசத் தீங்கினின்று காக்கும் வழி காண்பார்க்கு 3000 பிராங்குப் பரிசு என்று தம் இறுதி முறியில் எழுதி வைத்தார். நச்சு ஆவியைப் புகைபோக்கி வழியே இழுத்துச் செல்லும் அடுப்பை அமைத்த தார்சே என்னும் அறிவியலார் அப்பரிசைப் பெற்றார். தாம் ஈட்டிய பொன்னுக்குத் தம் தொழிலாளர் கொடுத்த விலையை மறவாத அச்செல்வரின் நெஞ்சம் போற்றத்தக்கது.

நம் நாட்டில் கலசங்களுக்குப் பொன்முலாம் பூசிய கன்னாரும் தட்டாரும் எத்தனை பேர் இவ்வாறு நலிந்தனரோ! திருப்பணிக்குப் பொன் கொடுத்தவர் பெயர் கல்லில் உண்டு. மூச்சைக் கொடுத்தவர் பெயர் எங்கும் இல்லை. குடமுழுக்கு நாளில் கலசத்தை நோக்கிக் கைகூப்பும் அடியவர், பெயரறியாத அத்தொண்டர்களுக்கும் ஒரு வணக்கம் சேர்த்துச் செலுத்துதல் கடன்.

மின்முலாம் வந்த பிறகு

1805ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு அறிஞர் புரூக்னதெல்லி மின்னாற்றலால் பொன் படியச் செய்யும் வழியைக் கண்டார். 1840ஆம் ஆண்டு பர்மிங்காமைச் சேர்ந்த எல்கிங்டன் என்பார் அதனைத் தொழில் முறையாக்கி உரிமை பெற்றார். அதன்பின் இரசமுலாம் படிப்படியாக மறைந்தது. பாதரசத்தின் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2013ஆம் ஆண்டு நிறைவேறியது. 2018ஆம் ஆண்டு இந்தியாவும் அதனை உறுதி செய்து ஏற்றது. ஆகவே, பழைய முறையே சிறந்தது, அதனையே செய்க என்று இன்று ஒருவர் கேட்பின், அது தொழிலாளியின் உயிரைக் கேட்பதாகும். உயிர்க்கொலை அஞ்சும் சமயத்தார் அதனைக் கேட்கலாகாது.

திருப்பெரும்பூதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்கூடங்கள் எழுந்த பின், முலாம் என்பது நம் ஊர் இளைஞர்க்குப் பழகிய தொழிலாயிற்று. ஊர்தி உறுப்புகளுக்கு நிக்கலும் குரோமியமும் பூசும் தொட்டியின் இயல்பை அறிந்தவர் நம் அன்பர்களுள்ளும் உளர். அவர் அறிவு திருக்கோயிலுக்கும் பயன்படுதல் வேண்டும். பொன் மின்முலாத்தில் பாதரசம் இல்லை. ஆயினும் நச்சுத்தன்மை மிக்க சயனைடு உப்பு பெரும்பாலும் பயன்படும். அத்தொட்டியின் கழிவுநீரைத் துப்புரவு செய்யாது விடலாகாது. 24 அடி ஆழமும் 3645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடைய நம் ஏரி, சென்னை மாநகரின் தாகம் தீர்ப்பது. கலசத்துக்கு ஒளி ஏற்ற, ஏரிக்கு மாசு ஏற்றுதல் அறமாகாது. திருப்பணி வேலையை ஒப்படைக்குமுன், உரிய துப்புரவு அமைப்புடைய கூடந்தானா என்று கேட்டறிவதும் திருப்பணியின் பகுதியே.

நன்கொடையாளர் அறிய வேண்டிய கணக்கு

மின்முலாத்தில் பொன் எத்துணைக் கனத்தில் படிகின்றது என்பது கண்ணால் அறிய முடியாதது. மயிரிழையில் நூற்றில் ஒரு பங்கு கனமே இருப்பினும் புதுக்குடம் பொன்போல் மின்னும். ஆனால் சில ஆண்டு வெயில் மழைக்குப் பின் செம்பு வெளிப்பட்டுக் கறுக்கும். ஆகவே எளிய கணக்கு ஒன்றை அன்பர்கள் நினைவிற் கொள்க. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் கனத்துக்குப் பொன் படிய 19.3 கிராம் வேண்டும். ஐந்து மைக்ரான் கனம் வேண்டுமாயின் 96.5 கிராம். குடத்தின் பரப்பையும் வேண்டிய கனத்தையும் எழுத்தில் குறித்துக்கொண்டால், கொடுத்த பொன்னுக்கும் படிந்த பொன்னுக்கும் கணக்கு நேராகும். இராசராசன் ஈந்த 15 கிலோ பொன்னை ஒரு மைக்ரான் கனத்தில் பரப்பின் ஏறத்தாழ 780 சதுர மீட்டரை மூடும். அவனோ அதனை ஒரு குடத்தின்மேல் பொதிந்தான். அவன் காலத்துப் பொற்றகட்டிற்கும் நம் காலத்து முலாத்திற்கும் உள்ள தொலைவு இதனால் விளங்கும்.

கணக்கு எழுதாமையால் வரும் கேட்டை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று காட்டுகின்றது. சபரிமலைத் திருக்கோயிலில் பொன் போர்த்த செப்புத் தகடுகள் புதுக்குவதற்காக எடுத்துச் செல்லப்பட்டது பற்றி ஐயம் எழுந்து, 2025ஆம் ஆண்டில் கேரள உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க ஆணையிட்டது. குற்றம் யாருடையது என்று கூறுவது நீதிமன்றத்தின் பணி. நாம் கற்க வேண்டுவது ஒன்றே: கோயிலை விட்டு வெளியே செல்லும் பொன், செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் பலர் முன்னிலையில் நிறுக்கப்படுதல் வேண்டும்.

மற்றோர் இடுக்கணும் உண்டு. பழங்கலசங்களில் இரிடியம் என்னும் அரிய உலோகம் தானே விளையும், அஃது அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் விலை போகும் என்று வஞ்சகர் பரப்பிய பொய்யால் பல ஊர்களில் கலசங்கள் களவு போயின. செல்வத்தை இழந்து ஏமாந்தவரும் பலர். இரிடியம் 1803ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட தனிமம். அஃது உருக 2446 பாகைச் சூடு வேண்டும். நம் முன்னோரின் கரியுலை அச்சூட்டை எய்தாது. அஃது அரிசியை ஈர்ப்பதுமில்லை. செம்பும், அதன்மேல் சிறிது பொன்னும், உள்ளே வரகும் அன்றிக் கலசத்தில் வேறு மறைபொருள் இல்லை. அதன் உண்மையான மறைபொருள், அன்று சொரியும் மந்திர நீரேயாகும். அதனைக் களவாட இயலாது.

ஆகவே குடமுழுக்குச் செய்யும் ஊரார் சிலவற்றைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. பழைய கலசம் பொலிவிழந்தது என்பதற்காகவே அதனைக் கழிசெம்பாக விற்றுவிடற்க. தகடு கிழியாதிருப்பின் ஒடுக்கெடுத்து, மீண்டும் முலாம் பூசி, அதனையே ஏற்றலாம். மாற்றியே தீர வேண்டுமாயின் பழையதைக் கோயில் உடைமையாகப் பதிவு செய்து காக்க. இறக்கிய உடனே புளியும் மண்ணும் இட்டுத் தேய்க்கற்க. மடிப்புகளில் எஞ்சியிருக்கும் பழைய பொன் அத்தேய்ப்பில் போய்விடும். ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனி நிறுத்து, படம் எடுத்து, உட்புறத்தில் எழுத்து உளதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுக. புதுக்கலசத்தின் உட்புறத்தில் ஆண்டும் எடையும், பொன்னின் அளவும், செய்தவர் பெயரும் பொறிக்க. கொடுத்தவர் பெயரோடு செய்தவர் பெயரும் சேர்ந்து உச்சியில் வாழட்டும்.

முடிவுரை

அரசர் காலம் போயிற்று. 3083 பலம் செம்பும் 2926½ கழஞ்சுப் பொன்னும் ஒருவரே கொடுப்பார் இன்று அரியர். அரைக் கிராம் கொடுப்பாரும் ஒரு நாட்கூலியைக் கொடுப்பாரும் பலர் கூடியே திருப்பணி நிறைவேறுகின்றது. இறைவன் திருமுன் இவ்விரண்டிற்கும் வேற்றுமை இல்லை. ஆனால் இராசராசனிடம் நாம் கற்றுக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டு. அவன் கொடுத்தான், கொடுத்ததை நிறுத்தான், நிறுத்ததை எழுதினான். அந்த எழுத்து இருப்பதால்தான் ஆயிரம் ஆண்டு கழித்து அப்பொற்குடத்தை நம் மனக்கண்ணில் ஏற்றிக் காண்கின்றோம்.

நாளை நம் கலசமும் மங்கும். நம் பேரர் அதனை இறக்கிப் பார்க்கும் நாளில், அதன் உள்ளே வரகும், ஒரு நேர்மையான கணக்கும் இருக்கக் காண்பாராக. நீர் வளம் பெருகி, ஏரி நிறைந்து, தொழில் தழைத்து, கைவினைஞர் நலமுற்று, திருக்கோயில் கலசம் என்றும் ஒளிர்வதாக!

திருவருள் முன்னிற்க.